தாங்கொள்ளி நாற்காலி

கதவைத் தாழ் போட்டிருக்கிறேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். கோயமுத்தூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ‘பயமறியா அர்த்தநாரி’ என்று சுவரொட்டியே ஒட்டியிருந்தார்கள். அந்த ஆள் நான்தான்.

ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு லேத் பட்டறை. அங்கேதான் அந்தக் காரைக் கட்டினேன். ஒரு பழைய அம்பாசிடரின் மேல்கூரையை அறுத்து இறக்கி, மூக்கைக் கழற்றி எறிந்து, ஏதோ தூதரகக் காரிலிருந்து வந்த எட்டு சிலிண்டர் என்ஜினை அதன் நெஞ்சில் உட்கார வைத்தேன். பிரேக் ஒரு வேனிலிருந்து வந்தது. ஓட்டுகிறவன் முதுகு சூட்டில் வெந்துபோகும், காது அடைத்துப்போகும். என் பெண்டாட்டி திலகம் அதற்கு மூதேவி என்று பெயர் வைத்தாள். திட்டித்தான் வைத்தாள். எனக்குப் பிடித்துப்போய்க் கதவில் அதையே பெயிண்ட்டில் எழுதிவிட்டேன்.

ரோட்டில் பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று ஆகிப் பத்து வருஷம் இருக்கும். ஓட்ட வேண்டுமென்றால் பந்தயத் தளத்துக்குத்தான் போக வேண்டும். சூலூருக்குக் கிழக்கே மூடிப்போன பஞ்சாலை ஒன்றைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குத் தார் போட்டிருந்தார்கள். ஆலையின் புகைபோக்கியை ஒட்டி இடது பக்கம் ஒரு வளைவு. பிறகு பஞ்சுக் கிடங்கைச் சுற்றி நீளமாக வலது பக்கம். கடைசியில் ஆலைச்சங்கு இருந்த மேடையைச் சுற்றி ஒரு கொண்டை ஊசி. அங்கே பொள்ளாச்சி வேதநாயகம் என்பவர் ஒரு நிமிஷம் இருபத்தொன்பதரை விநாடியில் ஒரு சுற்று ஓட்டியிருந்தார். நான் எத்தனை முக்கினாலும் ஒரு நிமிஷம் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை.

கார் குறையில்லை. புகைபோக்கி வளைவுக்கு முன்னால் என் வலது கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். அதுதான் குறை.

அதற்கு மருந்து பிலவேந்திரன் கொண்டுவந்தான். மூளைக் கருவிகளைப் பொருத்திக் கொடுக்கிற மெக்கானிக் அவன். ஒரு பெட்டி, இரண்டு கழுத்துப் பட்டை. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை மடை என்றோம்.

“பயத்தை அப்படியே அழிச்சுப்போட முடியாதுங்களா?” என்று கேட்டேன்.

“முடியாதுங்க. வாய்க்காத் தண்ணி மாதிரிதான். உங்க காட்டுக்கு வேண்டாம்னா, மடையத் திருப்பி அடுத்தவன் காட்டுல உடோணும். ரெண்டு பக்கமும் அடைச்சா கரை ஒடைஞ்சுபோகும். மொதல்ல அப்படி அடைச்சுப் பாத்து மூணு பேரு வலிப்பு வந்து வண்டியிலயே போயிட்டாங்க.”

“சேரி, வாங்கிக்கறவன் கதி?”

“அவனுக்கென்னங்க, சேர்ல உக்காந்திருப்பான். சாகமாட்டான். செத்துருவோம்னு தோணும், அவ்வளவுதான். தாங்க முடியலைன்னா கையில ஒரு செவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்துனா பயம் உங்களுக்கே திரும்பி வந்துரும். ஆனா வண்டி ஓடறப்ப பட்டையை மட்டும் கழட்டிப்போடாதீங்க. ரெண்டு பேருக்கும் வலிப்பு வந்துரும்.”

எல்லாருடைய பயத்தையும் எல்லாரும் வாங்கிக்கொள்ள முடியாது. இரண்டு மூளையும் பொருந்த வேண்டும். பட்டறையில் நான்கு பேரைச் சோதித்தோம், ஒருவனும் ஒத்துவரவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிக்கொண்ட திலகத்தோடும் பொருந்தவில்லை. அவள் தம்பி சென்னியப்பனோடு அச்சில் வார்த்தது போலப் பொருந்திவிட்டது.

சென்னி வேலை பார்த்த வார்ப்படப் பட்டறையை மூடிவிட்டதால் எங்கள் வீட்டோடு வந்து இருந்தான். வயது இருபத்தெட்டு. வெல்டிங்கில் அவன் கை சுத்தம். மூதேவியின் அடிச்சட்டம் முழுக்க அவன் ஒட்டியதுதான். அதிகம் பேச மாட்டான். உட்காருகிறாயா என்றேன். “சேரிங்க மச்சான்” என்றான்.

திலகம்தான் பொத்தானைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏனுங்க, இதை அழுத்துனா நெசமாலுமே நின்னுருமுங்களா?”

“அந்த நிமிசமே நின்னுரும். இது இல்லாம வண்டியவே தளத்துல உடமாட்டாங்க புள்ள. சட்டமே அப்படி.”

அன்றைக்கு அது பொய்யில்லை.

முதல் தடவை பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டியதை எப்படிச் சொல்வது? புகைபோக்கி வந்தது. பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. பிடி பிடி என்று நெஞ்சு கெஞ்சவில்லை, அவ்வளவுதான். அடுப்படியில் காய் நறுக்குகிறவளின் நிதானத்தோடு நூற்றறுபதில் வளைவுக்குள் போனேன். பின்சக்கரம் வழுக்கியதை வேடிக்கை பார்த்தேன், திருப்பிப் பிடித்தேன். ஒரு நிமிஷம் முப்பத்திரண்டு. இறங்கி வந்தபோது சென்னி வாயில் கடித்திருந்த ரப்பர் கட்டை இரண்டு துண்டாகிக் கிடந்தது.

“எப்படி இருந்துச்சு மாப்ள?”

“பரவாயில்லீங்க மச்சான்.”

அப்படியே ஆறு வருஷம் ஓடியது.

அதற்குள் ஊரே மடைக்கு மாறிவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர்கள், உயர்மின் கோபுரம் ஏறுகிறவர்கள், பெரிய ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் என்று எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் ஒருவன். அவர்களுக்குத் தாங்கிகள் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. ஜனங்கள் தாங்கொள்ளி என்றார்கள். சூலூர்த் தளத்தில் தாங்கொள்ளி நாற்காலிகளை ஒரு கொட்டகையில் வரிசையாகத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே டிக்கெட் போட்டுக் காலரியே கட்டிவிட்டார்கள். பந்தயம் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர், இந்த மூஞ்சிகளைப் பார்க்க வந்தவர்கள் மீதிப் பேர். எவன் அதிகம் அலறுகிறானோ அவனுக்கு விசில் பறக்கும். சென்னி அலற மாட்டான். அதனால் அவனுக்கு ரசிகர்கள் குறைவு.

ஆனால் வாங்கிய பயம் பட்டையைக் கழற்றியதும் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியது. குக்கர் விசிலடித்தால் சென்னி சுவரோடு ஒட்டிக்கொள்வான். ரோட்டைக் குறுக்கே கடக்க முடியாமல் முக்கால் மணி நேரம் நிற்பான். பெருந்துறையில் பெண் பார்க்கப் போனோம். காப்பி டம்ளர் வட்டாவோடு மோதி அவன் கையில் கடகடவென்று ஆடியது. பெண்வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாப்ளைக்குப் பொண்ணைப் பாத்தே பயமுங்க. கட்டிவச்சா என்ன ஆவானோ!” என்று சபையில் நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சம்பந்தம் அதோடு முடிந்தது. திலகம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன என்று இருந்தேன். பட்டை கட்டாத நேரத்திலும் எனக்குப் பயம் வற்றிப்போய்க்கொண்டிருந்தது. அது என் மனத்திடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடைப் பந்தயத்தில்தான் சென்னி அந்தக் காரியத்தைச் செய்தான். கடைசிச் சுற்று, நான் முதலில் போகிறேன், புகைபோக்கி வளைவில் பாதி நுழைந்துவிட்டேன். சென்னி பொத்தானை அழுத்திவிட்டான். ஆறு வருஷம் கழித்துப் பயம் வந்தது. அந்தப் புகைபோக்கி என்மேல் சாய்கிறது என்று நினைத்தேன். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். மூதேவி மூன்று சுற்றுச் சுற்றி டயர்ச் சுவரில் போய் உட்கார்ந்தது. நான் இறங்காமல் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததைக் காமிரா பெரிய திரையில் காட்டியது.

கொட்டகைக்குப் போய், காலரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியில் கட்டியிருந்தவனைக் கன்னத்தில் அறைந்தேன். “சோத்துல உப்புப் போட்டுத்தானடா திங்கறே?”

“இனிமே அழுத்தமாட்டனுங்க மச்சான்” என்றான்.

சொன்னவனை நம்பியிருக்கலாம். நான் நம்பவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, பொத்தானிலிருந்து பெட்டிக்குப் போகிற வயரைக் கைப்பிடிக்குள்ளேயே நறுக்கினேன். காலிங் பெல்லுக்கு வைக்கிற ஸ்விட்ச் ஒன்றை அதே சிவப்பு மூடிக்குள் பொருத்தினேன். அழுத்தினால் அதே டிக் சத்தம் வரும். சோதனை அதிகாரி எப்போதும் சத்தத்தை மட்டும்தான் கேட்பார். வேலை முடித்ததும் டீ குடித்தேன். மனது ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை, தார் காய்ந்து, என்ஜினுக்குப் பிடித்த குளிர்ந்த காற்று. ஆளுக்கு நான்கு சுற்று, அதில் எது வேகமோ அதுதான் கணக்கு. முதல் மூன்றில் டயர் சூடேறியது, முன்பிரேக்கும் கூடவே சூடேறியது. மூன்றாவது சுற்று முடிவில் பெடல் பஞ்சாகிவிட்டது. புத்தி இருக்கிறவன் அங்கேயே வண்டியை ஓரங்கட்டியிருப்பான்.

நான் நான்காவதுக்குள் போனேன். புகைபோக்கிக்கு முன்னால் பெடல் தரைவரை போயிற்று, கார் நிற்கவில்லை. சரி, பிரேக் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கியர் இறக்கினேன். என்ஜின் ஓலமிட்டது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்துக் காரைக் குறுக்கே போட்டு, நாலு டயரும் தேய்ந்து வேகம் குறைய விட்டேன். பக்கத்துக் கண்ணாடி புகைபோக்கியின் செங்கல்லில் பட்டுப் பறந்தது. கிடங்கு வளைவில் வெளிச்சக்கரம் புல்லில் ஓடியது. கொண்டை ஊசியில் சங்கு மேடையின் சுவரிலேயே பின்புறத்தைத் தட்டித் திரும்பினேன். ஒரு நிமிஷம் இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. வேதநாயகமே வந்து மாலை போட்டார்.

கொட்டகையில் அன்றைக்கு விசில் காதைப் பிளந்திருக்கிறது. சென்னி முதல் தடவையாக அலறியிருக்கிறான். நான் போனபோது அலறி முடித்திருந்தான். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வலது கட்டைவிரல் நகம் கறுத்துப் பெயர்ந்து ரத்தம் பொத்தான் மூடியெல்லாம் வழிந்திருந்தது. விரல் மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. டிக். டிக். திலகம் அந்த விரலை ஒவ்வொரு கணுவாகப் பிரித்துப் பொத்தானை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் கழுத்தில் மாலை இருந்தது.

அதன் பிறகு நாற்பத்து மூன்று நாள் சென்னி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பான். ஊட்டினால் சாப்பிடுவான். திலகம்தான் பிலவேந்திரனைக் கூட்டிவந்தாள். அவன் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“என்ஜின்ல கசடு கட்டுற மாதிரி கட்டியிருக்குதுங்க. இது மாத்திரைக்கு எறங்காது. திருப்பி ஓட்டோணும். சென்னி வண்டியில உக்காந்து அதே ரோட்டுல ஓட்டோணும், பொருத்தமுள்ள ஆளு சேர்ல உக்காரோணும்.”

“பொருத்தமுள்ள ஆளுன்னா?” என்றாள் திலகம்.

பிலவேந்திரன் என்னைப் பார்த்தான்.

நான் உடனே சரி என்றேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பொத்தானில் வயர் இல்லை என்பது ஞாபகம் இருந்தது. இல்லாவிட்டால் என்ன, ஒரு சுற்றுத்தானே, ஒன்றரை நிமிஷம் என்று நினைத்தேன். பயப்படத் தெரிந்த எவனும் அப்படி நினைத்திருக்க மாட்டான். போகிற வழியில் சீட்டியடித்துக்கொண்டே போனேன்.

புதன்கிழமை காலையில் தளம் காலியாக இருந்தது. நாங்கள் நான்கு பேர்தான். பிரேக்கெல்லாம் மாற்றி, புது டயர் போட்டு, பந்தயத்துக்கென்று வைத்த சின்ன டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றியிருந்தோம். சென்னியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மூதேவியில் உட்காரவைத்தோம். பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தான். நான் கொட்டகைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பிலவேந்திரன் மார்வாரையும் கைவாரையும் இறுக்கினான். திலகம் பைக்குள்ளிருந்து பொத்தானை எடுத்து என் கையில் கொடுத்தாள். துடைத்திருந்தாள். பிலவேந்திரன் மடையைத் திருப்பினான்.

சென்னியின் நடுக்கம் நின்றது. கழுத்தை இரண்டு பக்கமும் ஒடித்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் அவன் குரல் நிதானமாக வந்தது. “அக்கா, பெல்ட்டு சித்தே லூசா இருக்குது. பரவாயில்லை, நானே இறுக்கிக்கறேன்.”

திலகம் அழுதாள் என்று நினைக்கிறேன். என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குள் வந்துகொண்டிருந்தது.

அன்றைய பயம் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். ஆறு வருஷத்துப் பயம் வந்தது, பெருந்துறைக் காப்பி டம்ளரும் குக்கரும் ரோட்டோரத்து முக்கால் மணி நேரமும் அதற்குள் இருந்தன. என் கை ஓங்குவது தெரிந்தது. என்னைப் பார்த்து நான் பயந்தேன். அப்புறம் கார் கிளம்பியது.

அவன் இதுவரை மூதேவியைப் பட்டறை வாசலைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆனால் அந்தத் தளத்தை என்னைவிட அவனுக்குத் தெரியும். எந்த இடத்தில் எத்தனை அடிக்கு முன்னால் உயிர் போகும் என்பதை ஆறு வருஷம் அவன்தான் படித்திருக்கிறான். நான் வேடிக்கைதான் பார்த்தேன். புகைபோக்கிக்கு, நான் பிடித்ததைவிடப் பத்தடி தள்ளிப் பிரேக் பிடித்தான். கார் ஆடவில்லை. கிடங்கு வளைவு முழுக்க ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நாற்காலியில் எனக்கு மூத்திரம் போய்விட்டது.

ஒரு சுற்று முடிந்தது. அவன் நிறுத்தவில்லை.

பொத்தானை அழுத்தினேன். டிக் என்றது. இரண்டாவது சுற்றில் புகைபோக்கி வருவதற்குள் இருபது தடவை அழுத்தியிருப்பேன். பொத்தானுக்குள் வயர் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவன் நான். தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

“திலகா...” ரப்பர் கட்டையைத் துப்பினேன். “கொடி... கொடியைக் காட்டி அவனை நிறுத்தச் சொல்லு.”

“பொத்தானை அழுத்துங்க. அந்த நிமிசமே நின்னுருமுன்னு சொன்னீங்களே.”

கார் சங்கு மேடையைச் சுற்றியது. “வயரு இல்லை புள்ள! நான்தான்... நான்தான் நறுக்கிப்போட்டேன்! பெல்லு ஸ்விட்ச்!”

“தெரியுமுங்க” என்றாள். “அன்னிக்கே வீட்டுக்குப் போயி கழட்டிப் பாத்தேன்.”

சிவப்புக் கொடி அவள் மடியில் கிடந்தது. அதை நான்காக மடித்தாள். பிலவேந்திரன் பெட்டியின் மீட்டர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான், என் பக்கம் திரும்பவில்லை.

“செத்துருவேன் திலகா.”

“சாகமாட்டீங்க. அப்படித் தோணும்.”

பெட்ரோல் தீரும்வரை ஓட்டினான். பதினோரு சுற்று. அதில் ஏழாவது ஒரு நிமிஷம் இருபத்தேழு புள்ளி இரண்டு என்று பிலவேந்திரன் பிறகு சொன்னான்.

இப்போது சென்னி நன்றாக இருக்கிறான். ஆடியில் கல்யாணம் வேண்டாமென்று ஆவணியில் வைத்தோம். பெண் பெருந்துறைதான், வேறு வீடு. பந்தயத்தில் மூதேவியை அவன்தான் ஓட்டுகிறான். சுவரொட்டியில் அவன் பெயர் இருக்கிறது. நாற்காலியில் நான்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாசலில் நின்று மரியாதையாக, “மச்சான், போலாமுங்களா?” என்றுதான் கேட்கிறான். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவானாக இருக்கும். ஆறு வருஷம் இவன் ஏன் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொல்லவில்லை, என் சோறு தின்கிற நன்றியா, மக்குத்தனமா என்று அப்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். இப்போது தெரிகிறது. பயம் உள்ளே வந்ததும் முதலில் அந்த வார்த்தையைத்தான் அடைக்கிறது. “சேரி மாப்ள” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறேன்.

பொத்தானைச் சென்னியே பிரித்து, புது வயர் போட்டு, பற்றவைத்துக் கொடுத்திருக்கிறான். என் கண்ணெதிரே இழுத்துக் காட்டினான், கெட்டியாக இருக்கிறது. அவன் கை எப்போதுமே சுத்தம். “தாங்க முடியலைன்னா அழுத்திப்போடுங்க மச்சான், நான் ஒண்ணும் நெனைச்சுக்கமாட்டேன்” என்றான்.

ஒவ்வொரு ஞாயிறும் கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை அழுத்தவில்லை. அழுத்தினால் கொட்டகைக்கு வந்து என்னை என்ன செய்வானோ என்று பயமாக இருக்கிறது.